மனானாவின் அடுப்பில் வழிந்த பால்

1

புது வீட்டில் பால் பொங்கி வழியும்போது நீங்கள் கைதட்டியிருக்கிறீர்களா? கொழும்பில் இருந்தவர் என்றால் தட்டியிருப்பீர்கள். அப்படியென்றால் இந்தக் கதையில் நீங்கள் என் பக்கம்.

இது எப்படி வந்தது என்று முதலே சொல்லிவிடுகிறேன். ஜோர்ஜியா நாட்டில் ஒரு மலைக்கிராமம். மூடிக்கிடந்த பள்ளிக்கூடக் குசினியை, அதாவது சமையலறையை, திருத்திக் கொடுக்கப் பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்த தொண்டர் முகாம். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து நான் மட்டும். இங்கே தமிழில் கதைப்பதென்றால் எனக்கு நான்தான் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். எழுத யாரும் சொல்லித்தரவில்லை, அது தெரியத்தான் செய்யும்.

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: "மலையுச்சியில் பனி வெள்ளைப் போர்வையாய்..."

(வேண்டாம். நான் போனது வெயில் காலம். கழுத்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.)

இரண்டாவது: "வெள்ளவத்தை இளைஞன் அனுஜன் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தான்."

இது எனக்குப் பிடித்திருந்தது. பாமன்கடையில் இருக்கும் அக்கா ஐறீனுக்கு அனுப்பினேன். குரல் பதிவு வந்தது.

"டேய் கிளின்ரன், ஆரடா அந்த அனுஜன்? அது நீதானே. உன்ர பேரைப் போடு."

"கதையெண்டா கற்பனை இருக்கோணும் அக்கா."

"அப்ப என்னத்துக்கு அவனுக்கு உன்ர கிழிஞ்ச சேர்ட்டைப் போட்டு விட்டிருக்கிறாய்?"

அனுஜனை அழித்துவிட்டேன். சேர்ட் இருக்கட்டும்.

3

இனி மனானா, அந்த ஊர்ப் பெண். அந்தக் குசினி மூடும்வரை அவர்தான் அங்கே சமையல். அவர் திரும்பி வந்தால் பிள்ளைகளுக்கு மத்தியானம் சூடான சாப்பாடு. வராவிட்டால் நாங்கள் ஒட்டிய டைல்ஸுக்குள் எலி குடியிருக்கும். வேறு ஆள் ஊரில் இல்லை.

எங்கள் முகாம் தலைவி தமார் போய்க் கேட்டாள். மனானா சொன்ன பதில் இது:

"வெளிநாட்டுக்காரர் வருவாங்கள், படம் எடுப்பாங்கள், போவாங்கள். பிறகு ஒண்டும் நடக்காது. நான் வரமாட்டன்."

(தமார் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் தமிழில் போடுகிறேன். மனானாவுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.)

பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல்நாள் குசினியைத் திறந்தோம். மனானா ஒரு கேன் நிறையப் பாலோடு வந்தார். அவரிடம் இருப்பது ஒரே ஒரு மாடு. "காய்ச்சிக் குடியுங்கோ" என்று கேனைத் தமாரிடம் நீட்டிவிட்டு, வாசலுக்கு வெளியே கைகட்டி நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

4

புதுக் குசினி, புது அடுப்பு, பால். நான் வேறென்ன செய்வேன்? அக்கா பாமன்கடையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்தபோது, பால் வழிந்து காஸ் அடுப்பு அணைந்துபோனது. வாடகைக்குத் தந்த சிங்கள நோனாதான் முதலில் கைதட்டினா.

பானையை விளிம்புவரை நிரப்பி அடுப்பில் வைத்தேன். பால் எழும்பியது.

"கிளின்ரன், பால்!" என்று தமார் கத்தினாள்.

"ஓம், ஓம், வரட்டும்!" சந்தோஷத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். யாரும் அடுப்பை அணைத்துவிடாதபடி இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றேன். பால் வழிந்தது. நான் மட்டும் கைதட்டினேன்.

மனானா ஓடி வந்தார். என்னை ஒரு இடி இடித்துவிட்டு, பாவாடைத் துணியால் பானையைப் பிடித்து இறக்கினார்.

"விசரா! என்ர மாடு உனக்கு விளையாட்டுக்கோ தருது?"

"இது எங்கட வழக்கம். பால் வழிஞ்ச வீட்டில சாப்பாடு குறையாதெண்டு சொல்லுவினம்." நான் ஆங்கிலத்தில் சொல்ல, தமார் அவருக்குச் சொன்னாள்.

மனானா அடுப்பைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறார் என்பது அவருக்கே தெரிந்ததுபோல இருந்தது.

"உங்கட ஊரில இதை ஆர் துடைக்கிறது?"

நான் யோசித்தேன். பாமன்கடையில் அக்காதான் துடைத்தாள்.

"அந்த அடுப்பில சமைக்கிற வீட்டுக்காரர்."

தமார் அதையும் சொன்னாள். மனானா வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் துணியை எடுத்தேன். தமார் என் கையிலிருந்து பறித்து அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். "விடு" என்றாள்.

5

முடிவுகள்:

(அ) மனானா திரும்பி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிக்கிறார், எல்லோரும் ஆடுகிறோம், மலையில் சூரியன்... (போதும்.)

(ஆ) காய்ந்த பாலை எலி நக்குகிறது.

(இ) அக்காவின் முடிவு: "அந்தத் தமாரைக் கேட்டுப் பார். அவளையும் கூட்டிக்கொண்டு வா. கதை முடிஞ்சுது." (தமாருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறான் அக்கா.)

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு எழுத எனக்கு வராது. நடந்ததைத்தான் சொல்லத் தெரியும்.

அடுத்த நாள் காலையில் அடுப்பு துடைத்திருந்தது. மனானா உள்ளே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.