பாயை ஏற்றும் கப்பி

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் ஏரியில் போட்டி. என் பழைய பந்தயப் படகில் பாயை மேலே ஏற்றும் கப்பி உடைந்திருந்தது. அந்த மாடலுக்கு உதிரி பாகமே கிடைக்காது என்று பம்பாயிலிருந்து கடிதம் வந்துவிட்டது. செல்லூரில் தறிச் சாமான் செய்யும் சோணையிடம் போனேன்.

அவர் பித்தளையில் ஒன்று கடைந்து உத்தரத்தில் மாட்டினார். கயிற்றைப் பிடித்துத் தானே தொங்கினார்.

“எம்புட்டுக் காத்தடிச்சாலும் தாங்கும் தம்பி. படகுல கூட யாரு வாரா?”

“என் சம்சாரம் ஜானுதான் வருவா. தை மாசம் தவறிட்டா. ரெண்டு பேர் இல்லாம போட்டியில சேர்க்க மாட்டாங்க.”

தொங்கியபடியே கப்பியை அண்ணாந்து பார்த்தார்.

“நான் வாரேன்.”

“நீச்சல் தெரியுமாண்ணே?”

“வைகையில தண்ணி வரட்டும், காட்டுறேன்.”

இன்னும் கயிற்றை விடவில்லை. பாய்க்கயிற்றுக்கு அந்தப் பிடி போதும். போட்டி விண்ணப்பத்தில் காலியாக இருந்த இரண்டாவது வரியில் அவர் பெயரை எழுதினேன்.