குட்டையனின் விலை

ஒரு உயிர் நாற்பத்தொன்பது ரூபாய். மூன்றாக எடுத்தால் தொண்ணூற்றொன்பது. பத்து வாங்குகிறவருக்கு ஒன்று இனாம். உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் மேலே இருக்கிற ஒருவர் கையில்தான் என்று பென்னாகரத்து மாதா கோயிலில் ஞானோபதேசம் படித்த ஆரோக்கிய பிரவீன் போட்ட விலைப்பட்டியல் இது.

பெங்களூரில் ஒரு கேம் கம்பெனியில் அவனுக்கு ஒப்பந்த வேலை. போனில் ஆடும் விளையாட்டில் எதை எவ்வளவுக்கு விற்கலாம், எந்த நொடியில் விற்கலாம் என்று பார்க்க வேண்டும். ஆள் சாகிற நொடியிலேயே உயிரை நீட்டிவிட வேண்டும். செத்து மூன்று நொடி போய்விட்டால் புத்தி வந்துவிடும், வியாபாரம் படியாது. இதைக் கண்டுபிடித்ததற்காகப் போன வருடம் அவனுக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். டீ குடிக்கிற கோப்பைதான்.

விளையாட்டின் பெயர் லாவா பிரதர்ஸ். அதன் முதல் பாகம் பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த சவுரியப்பன் கடைக்கு வந்தபோது பிரவீன் ஐந்தாவது படித்தான். கேசட் கடையின் பின்னறை, இரண்டு டிவி, அரைமணிக்கு ஐந்து ரூபாய். எரிமலைக்குள் மாட்டிக்கொண்ட அண்ணன் தம்பி கதை. உயரமான அண்ணன் தாவுவான், சுடுவான். குள்ளத் தம்பி பொந்துக்குள் தவழ்ந்துபோய்ச் சாவி எடுத்து வருவான். ஜப்பான்காரன் வைத்த பெயர்கள் யார் வாயில் நுழையும்? ஊர் வைத்த பெயர் நெட்டையன், குட்டையன்.

ஐந்து ரூபாய் பிரவீனுடையது. ஆகவே முதல் ஜாய்ஸ்டிக்கும் நெட்டையனும் அவனுக்கு. இரண்டாவது ஜாய்ஸ்டிக், ஏரியூரிலிருந்து பஸ்ஸில் வந்து கூடப் படித்த ரஞ்சித்குமாருக்கு. ஓசியில் கிடைத்த குட்டையனை அவன் ஓட்டிய அழகைப் பார்க்கவே பெரிய பையன்கள் வந்து நிற்பார்கள். செத்தால் திரையில் ஆங்கிலத்தில் ‘யூ லூஸ்’ என்று வரும். கடையிலிருந்த பதினைந்து பேரும் அதை ‘யூ லூசு’ என்றுதான் படித்தார்கள். நம் ஊர் வசவு ஜப்பான் வரைக்கும் எப்படிப் போனது என்று சவுரியப்பனே வியந்தார். யார் செத்தாலும் கடையே சேர்ந்து கத்தும்: “யூ லூசு!”

இரண்டாம் பாகத்தில்தான் உச்சம். தெரு வரைக்கும் வரிசை நின்றது. சவுரியப்பன் கடையின் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டார். மூன்றாம் பாகத்தில் படம் முப்பரிமாணத்துக்கு மாறியது, குட்டையனைத் தூக்கிவிட்டார்கள். நான்காவதில் நெட்டையனுக்குத் தாடி. செத்துப்போன அப்பாவை நினைத்து அடிக்கடி அழுதான். ஐந்தில் கார் ஓட்டினான். எரிமலைக்குள் எதற்குக் கார் என்று கேட்க ஆளில்லை, வாங்கவே ஆளில்லையே. பிறகு பெயர் மட்டும் மூன்று கை மாறி, பழைய இரும்பு விலைக்குப் பெங்களூர்க் கம்பெனியிடம் வந்து, போனில் இலவசமாக இறங்கியது. விளையாடுவது இலவசம், சாவதும் இலவசம். பிழைப்பதற்குத்தான் காசு.

அந்தக் காசும் நின்றுகொண்டிருந்தது. ஏப்ரல் முப்பதோடு விளையாட்டை மூடிவிடுவது என்று மேலே முடிவாகிவிட்டது. மேலாளர் மாதவராஜையும் சேர்த்து நான்கு பேருக்குத்தான் தெரியும். மார்ச்சில் மாதவராஜ் பிரவீனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“மூடறதுக்கு முன்னாடி ஒரு கடைசி சேல். நாப்பது லட்சம் கொண்டு வாங்க பிரவீன், நீங்க பர்மனென்ட். இல்லன்னா உங்களையும் முப்பதாம் தேதியோட மூடிருவாங்க.”

“முதல் ஜாய்ஸ்டிக் பிடிச்சவனுக்கு வாங்க ஒண்ணும் இல்ல சார்,” என்றான் பிரவீன். “எல்லாத்தையும் அப்பவே அனுபவிச்சிட்டான். ரெண்டாவது பிடிச்சவன்தான் கஸ்டமர். அவன் ஆளத்தான் நாம பிடுங்கிட்டோம். அந்த ஆளையே அவனுக்கு விப்போம்.”

அப்படிப் பிறந்ததுதான் ‘என்றென்றும் தம்பி’. குட்டையன் திரும்பி வருவான், என்றென்றைக்கும் உங்களுடையவன். விலை நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. பத்தே நாள், பத்தாவது நாள் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு விலை எழுபத்தைந்தாயிரம் ஆகிவிடும் என்று திரையில் ஒரு கடிகாரம் ஓடும்.

யாருக்கு விற்கலாம் என்று அதிகம் செலவழிப்பவர்களின் பட்டியலைப் பார்த்தான். பதினோராவது பெயர்: ‘யூ லூசு குட்டையன்’. ஊர், ஏரியூர். உலகத்தில் இந்தப் பெயரை வைக்கக்கூடியவர்கள் பதினைந்து பேர். அதில் குட்டையனாக இருந்தவன் ஒருவன்தான். திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் பிரவீனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் அறுபத்தெட்டாயிரம். சிரிப்பு நின்றது. பெயருக்கு நேரே ‘வாங்குவார்’ என்று குறித்தான்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை காலை, சேர்ந்திருந்தது முப்பத்தொன்பது லட்சத்து அறுபத்திரண்டாயிரத்து ஒன்று. இன்னும் ஒரே ஒரு குட்டையன் போனால் போதும். அந்த நேரம் பார்த்து ரஞ்சித்குமார் போன் செய்தான். “ஒரு யோசன கேக்கணும்டா. ஊர்ப்பக்கம் எப்ப வர்ற?”

“இன்னிக்கே,” என்றான் பிரவீன்.

மத்தியானம் தருமபுரியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்துப் பென்னாகரம் வந்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் ரஞ்சித்குமார் காத்திருந்தான். தூரத்தில் பார்த்ததுமே கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினான்.

“யூ லூசு!”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவாடா.”

“என்னா மெதுவா? பெங்களூர் தண்ணி சேந்து கன்னம் வெச்சிருக்குது, வாய்தான் சின்னதாயிருச்சி.” இரண்டு டீ, இரண்டு முட்டை பப்ஸ் சொன்னான். “நம்ம லாவா பிரதர்ஸ் போன்ல வந்திருக்குது, தெரியுமா?”

“அப்பிடியா,” என்றான் பிரவீன். எங்கே வேலை என்று வெளியே சொல்லக்கூடாதென்று கம்பெனி கையெழுத்து வாங்கியிருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவன் ஏதோ பேங்க் சாஃப்ட்வேர்.

“ரெண்டு வருசமா ஆடறேன். நெட்டையன் மட்டுந்தான் இருந்தான், இப்ப குட்டையன உட்டிருக்கானுங்க. அம்பதாயிரம். நாளைக்கி சாயங்காலம் வரைக்குந்தான், அப்புறம் எழுவத்தஞ்சி.” போனை மேசைமேல் வைத்தான். பிரவீன் போட்ட கடிகாரம் பிரவீன் முன்னால் ஓடியது. “நேத்து தருமபுரி மார்க்கெட்ல பட்டுக்கூடு போட்டேன். நூறு கிலோ, ஐநூத்தி இருவது. கைல அம்பத்திரெண்டாயிரம் இருக்குது. ஆனா அது மோட்டார் காசு. போர் மோட்டார் எரிஞ்சி பத்து நாளாச்சி, மல்பெரி வாடுது, புழுவுக்குப் போட எல இல்ல.”

சொல்லி வாய் மூடவில்லை, வீட்டிலிருந்து அழைப்பு. மனைவி மணிமேகலையின் குரல் எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்டது.

“ஏங்க, மோட்டார் கடைக்காரரு வந்து நிக்கறாருங்க. புது மோட்டார எறக்கச் சொல்லட்டுங்களா?”

“நாளைக்கி வரச் சொல்லு. ஃப்ரெண்டுகிட்ட பேசிட்டிருக்கேன்.” போனை வைத்தான். “நீ கம்ப்யூட்டர் லைன்ல இருக்கறவன். நீயே சொல்றா. வாங்கலாமா? என்றென்றும்னு போட்டிருக்குது. வாங்குனதுக்கப்புறம் கடைய மூடிட்டு ஓடிற மாட்டானுங்களே?”

இதற்குப் பதில் ஒரு சொல்தான். மூடப்போகிறார்கள். அந்த ஒரு சொல்லின் விலை பிரவீனுக்கு அந்த நொடியிலேயே கணக்கானது. அவனுடைய பர்மனென்ட் வேலை, அவ்வளவுதான்.

நல்ல ஜவுளிக்கடைக்காரர் ‘வாங்குங்க’ என்று சொல்லவே மாட்டார். வாடிக்கையாளர் கை வைத்துத் தடவிக்கொண்டிருக்கும் சேலையை மெல்ல மடித்து உள்ளே வைப்பார். ‘அது வேணாங்க, அது கொஞ்சம் வெல ஜாஸ்தி’ என்பார்.

“வேணாம்டா,” என்றான் பிரவீன். பப்ஸின் ஓரத்தைக் கிள்ளினான். “கம்பெனி பெரிய கம்பெனிதான். ஆனா உனக்கு எதுக்கு அதெல்லாம்? அது மாசம் ரெண்டு லட்சம் சம்பளம் வாங்கறவன் வெளையாடறது. நீ போயி மோட்டாரப் போடு.”

ரஞ்சித்குமாரின் முகம் சிவந்தது.

“அன்னிக்கி உன் அஞ்சு ரூவாடா. அதனால நான் ரெண்டாவது,” என்றான். “இன்னிக்கி என் காசு.”

“அதுக்கில்லடா, நான் என்ன சொல்றேன்னா…”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

பணம் கட்டும் ரகசிய எண்ணுக்குக் கட்டைவிரல் நான்கு முறை அழுந்தியது. போன் சிணுங்கியது. எரிமலையின் வலது ஓரத்துப் பொந்திலிருந்து குட்டையன் தவழ்ந்து வந்து, எழுந்து நின்று, தொப்பியில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டினான். அந்தச் சாம்பல் தட்டலைச் சேர்க்கச் சொன்னவனும் பிரவீன்தான். சவுரியப்பன் கடையில் அதற்குத்தான் எல்லாரும் கைதட்டுவார்கள். ரஞ்சித்குமார் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினான்.

“இந்தா, கொஞ்ச நேரம் நீ ஓட்டு.”

பிரவீன் ஓட்டினான். பொந்துக்குள் போகத் தெரியாமல் லாவாவில் விழுந்தான். ரஞ்சித்குமார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். டீக்காசையும் அவனே கொடுத்தான்.

மொத்தம் நாற்பது லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இலக்கைத் தாண்டியாகிவிட்டது. ஏப்ரல் இருபத்தெட்டில் நிரந்தர ஆணை, முப்பதில் விளையாட்டுக்கு மூடுவிழா. கூட இருந்தவர்களையும் அனுப்பிவிட்டதால் புகார்ப் பெட்டியும் பிரவீன் தலையிலேயே விழுந்தது.

மே இரண்டாம் தேதி ரஞ்சித்குமார் அழைத்தான். “கேம் தொறக்க மாட்டேங்குதுடா. இங்கிலீஷ்ல ஏதோ நன்றின்னு வந்து நின்னுக்குது.”

“மூடிட்டாங்க போலடா.”

“குட்டையன்?”

“அவனுந்தான்.”

“காசு திரும்பக் கேட்டு ஒரு லெட்டர் எழுதிக் குடுடா. நல்ல இங்கிலீஷ்ல. அவனுங்க பயப்படற மாதிரி.”

பிரவீன் எழுதிக் கொடுத்தான். நன்றாகவே எழுதினான், மூடப்போவதை மறைத்து விற்றது மோசடி என்றுகூட ஒரு வரி போட்டான். ரஞ்சித்குமார் அனுப்பிய பத்தாவது நிமிடம் அது பிரவீனின் மேசைக்கு வந்தது. இரண்டு முறை படித்தான். குறை சொல்ல ஓரிடமும் இல்லை. அவசரப்பட்டதுபோல் தெரியக்கூடாதென்று இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டான். அந்தப் பதில் மறுபடி ரஞ்சித்குமாரிடமிருந்து வாட்ஸப்பில் வந்தது, பின்னாலேயே போனும்.

“என்னடா சொல்றானுங்க?”

“நீ வாங்குனது பொருள் இல்லயாம். வெளையாடறதுக்கு அனுமதியாம். காசு தர முடியாதாம்.”

“என்றென்றும்னு போட்டிருந்தானே?”

“என்றென்றும்னா கேம் ஓடற வரைக்கும்னு அர்த்தமாம். பதினாலாவது விதில இருக்குதாம்.”

“இங்கிலீஷ்ல அதான் அர்த்தமாடா?”

“அப்பிடித்தான் போட்டிருக்கான்.”

ரஞ்சித்குமார் பெருமூச்சு விட்டான். “நீ எழுதுன லெட்டர் நல்லாருந்துச்சிடா. பதில் போட்டவன் அதப் படிச்சிருக்கவே மாட்டான்.”

“படிச்சிருப்பான்டா,” என்றான் பிரவீன்.

“மல்பெரி மொத்தமும் காஞ்சிருச்சி. நான் இப்ப பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறேன். மணிமேகலை எங்கூடப் பேசறதில்ல. பேசுனா ஒண்ணுதான் சொல்றா. ‘உங்க ஃப்ரெண்டு வேணாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டாருல்லீங்க, கேட்டீங்களா?’ எங்க வூட்டுல இன்னிக்கி உம் பேருதான்டா பெரிய பேரு.”

ஜூன் முதல் வாரம் பெங்களூர் பார்சல் அலுவலகத்திலிருந்து பிரவீனைக் கூப்பிட்டார்கள். வைக்கோல் வைத்துக் கட்டிய அட்டைப்பெட்டி. மணிமேகலை அவளுடைய அம்மா வீட்டுத் தோப்பிலிருந்து பொறுக்கி அனுப்பியது. கவுண்டரில் இருந்தவர் ரசீதைத் திருப்பி அவன் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார்.

அனுப்புநர்: ரஞ்சித்குமார், ஏரியூர்.
பொருள்: மாம்பழம், பன்னிரண்டு கிலோ.
சரக்குக் கூலி: நூற்றிருபது.
ஏற்றுக்கூலி: இருபது.
மொத்தம்: நூற்று நாற்பது. அனுப்புநர் செலுத்திவிட்டார்.
பெறுநர் தர வேண்டியது: ஒன்றுமில்லை.