அறுபத்தேழு மார்க்

திருமயத்தில் கணக்கு டியூஷன் நடத்தும் அழகுமலைக்கு மார்க் என்றால் உயிர். தொண்ணூறுக்குக் கீழே வாங்கிய பிள்ளை அவர் தெருப் பக்கமே தலைகாட்டாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் குறைந்த மார்க் கேட்டுச் சாமி கும்பிடும்படி ஆயிற்று.

மகள் சுடர்விழிக்கு முட்டிக்குக் கீழே எலும்பில் கட்டி. திருச்சியில் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டர் அருள்தாஸ் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"கட்டியில ஒரு புரதம் எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம். மார்க்கர்னு பேரு. அது அதிகமா இருந்தா கட்டி வேகமா வளரும். கொறச்சலா இருந்தா நல்லது. பத்துக்குள்ள வந்தா எனக்குச் சந்தோஷம்."

அழகுமலை காதில் மார்க்கர் மார்க்காகவே விழுந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. டியூஷனில் பேப்பர் திருத்தும்போது, சைபர் வாங்கிய பையனைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்.

பத்தாம் நாள் அப்பாவும் மகளும் திருச்சிக்குக் கிளம்பினார்கள். பஸ் நமணசமுத்திரம் தாண்டும்போது ரிப்போர்ட் செல்போனில் வந்து விழுந்தது. இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே ஒரு எண் மட்டும் அவர் கண்ணைக் குத்தியது. கேஐ-67. அதற்கு மேல் படிக்கத் தெம்பில்லாமல் போனை மடியில் கவிழ்த்தார்.

"எவ்வளவுப்பா?"

"கொறச்சல்தான் ஆத்தா. நீ தூங்கு."

ஆயுசில் முதல் தடவையாக மார்க்கை மாற்றிச் சொன்னார்.

டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் அழகுமலை உடைந்துவிட்டார். "அறுபத்தேழு வந்திருச்சே டாக்டர்! என் காலை வேணும்னா எடுத்துக்கங்க, எம் புள்ளைய விட்ருங்க!"

"கொறச்சல்னு சொன்னீங்களேப்பா!" என்றாள் சுடர்விழி. டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"சார், அறுபத்தேழு அந்தப் புரதத்தோட பேருங்க. கேஐ அறுபத்தேழுன்னு வச்சிருக்காங்க. பக்கத்துல பாருங்க, ஒங்க மகளுக்கு நாலு சதவீதம்தான். மத்த ரிப்போர்ட்டும் நல்லா இருக்கு. கட்டிய எடுத்தாகணும். ஆனா காலும் தப்பிக்கும், புள்ளையும் நல்லா இருப்பான்னு நம்பலாம்."

அழகுமலை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையில் இருந்த அந்த நாலை விரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் இவ்வளவு அழகான மார்க்கை அவர் பார்த்ததில்லை. கண்ணீர் தாரை தாரையாய் வழிந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"மூணு வாங்க வழியில்லைங்களா டாக்டர்?"

சுடர்விழி சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்பா பயப்படுவாரே என்று பத்து நாளாய் அழாமல் இருந்தவளுக்கு, அழுகைதான் வந்தது.