படத்தை அமுக்கியவர்கள்

"மாசக் கடைசிக்குள்ளே வீட்டைக் காலி பண்ணணும்னு வீட்டுக்காரர் எத்தனை தடவை..."

"நேத்து மட்டும் இருநூறு பேருக்கு மேலே உங்கப்பா படத்தை அமுக்கியிருக்காங்கடி. இருநூறு பேரு."

"நான் வீட்டைப் பத்திப் பேசறேன், நீ..."

"நானும் வீட்டைப் பத்தித்தான் பேசறேன். இருநூறு பேரு அவரைத் தேடிக்கிட்டிருக்கிறப்போ, நான் கதவைப் பூட்டிட்டு உன் பின்னாடி வந்துடணுமா? யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சு அவரைக் கூட்டிக்கிட்டு வந்தா இங்கே யாரு இருப்பா? வீட்டுக்காரர்கிட்டே இந்த வீட்டை வாங்கினவன் இருப்பான். அவன் முன்னாடி போய் நிப்பாரா உங்கப்பா?"

"அந்த இருநூறு பேர்லே ஒருத்தராவது போன் பண்ணினாங்களாம்மா?"

"ஏன், ஒருத்தர் பண்ணலையா?"

பண்ணினார்தான். வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்பதற்கு. அம்மா அவரையும் விடவில்லை. கடன் கிடக்கட்டும், நீங்க எந்த ஊரு, உங்க பக்கம் உயரமா, லேசாக் கூன் போட்டு, சட்டைப் பையிலே சீப்பு வச்சுக்கிட்டு ஒருத்தர் திரியறாரா என்று குடைந்து எடுத்து, கடன் கொடுக்க வந்தவரே அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைக்கும்படி செய்துவிட்டாள்.

மகள் புருஷன் பக்கம் திரும்பி, நீங்களாவது வாயைத் திறங்களேன் என்றாள். மாப்பிள்ளை தொட்டிக்குக் கீழே குனிந்து, சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். காலி செய்யப்போகிற வீட்டில் குழாயைச் சரிசெய்கிறவன் எந்தக் கட்சி என்று அவருக்கே தெரியவில்லை. வாஷர் அளவு சரியாக இல்லை, கடை வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து நழுவிவிட்டார்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாபகம் அவரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் பேர்கள் போயின. பிறகு குளியலறை எந்தப் பக்கம் என்பது போயிற்று. கடைசியில், ஓய்வு பெற்றுவிட்டோம் என்பதே போயிற்று. ஒருநாள் அம்மா மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வருவதற்குள், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று தலையை வாரிக்கொண்டு கிளம்பிப் போனவர்தான். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணவறை, பழைய டிப்போ என்று எல்லா இடமும் பார்த்தாயிற்று. சுவரில் ஒட்டிய படங்களின் மேல் யாரோ டியூஷன் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இனி என்ன செய்வது என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தபோதுதான், "நெட்டுலே போட்டுப் பாக்கலாம் அத்தை" என்றார் மாப்பிள்ளை.

அதுதான் அவர் தொழில். சோபா கடை, பல் டாக்டர், பூட்டுத் திறந்து கொடுக்கிறவர் என்று சின்னச் சின்ன ஆட்களுக்கு இணையத்தில் விளம்பரம் போட்டுக் கொடுப்பார். விளம்பரம் எத்தனை பேர் கண்ணில் பட்டாலும் காசில்லை. யாராவது அதை அமுக்கினால்தான் கடைக்காரர் காசு கொடுக்கவேண்டும். அக்கறை இல்லாதவனுக்காக நீங்க செலவு பண்ணவே வேண்டாம் என்று கடை கடையாக ஏறி இறங்கிச் சொல்கிற பேச்சு அவருக்கு நாக்கில் பழகியிருந்தது. அதே வழியில் அப்பாவின் படம் ஏறியது. கீழே, 'இவரைப் பார்த்தீர்களா?' அமுக்கினால் அடையாளங்களும் போன் நம்பரும் இருக்கிற பக்கம் திறக்கும். நேற்று எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று காலையில் அத்தைக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் மாப்பிள்ளை பல் தேய்ப்பார்.

அம்மா ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் வேலை பார்த்தவள். அவள் கையில் எண் ஒன்று கூடினால், ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம் வந்து நின்றிருக்கிறது என்று அர்த்தம். இருமுகிற முகமாக இருக்கும், குழந்தையைத் தோளில் போட்ட முகமாக இருக்கும், ஆனால் முகம் இல்லாமல் எண் ஏறாது. மாப்பிள்ளை அனுப்பிய எண்ணையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். விடிவதற்கு முன்னால் அமுக்கினவர் பால் வண்டிக்காரராக இருக்கவேண்டும். பத்து மணிக்கு அமுக்கினவள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தவள். பக்கத்து வீட்டுக்காரியிடம் நேற்றைய ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது, வீட்டுக்கு வந்துபோன விருந்தாளிகளைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும். பூட்டுத் திறக்கிறவர் ஒருநாள் ஆபீஸ் ஏறி வந்தே கேட்டுவிட்டார். "தினம் இத்தனை பேர் அமுக்கறாங்கன்னு காட்டறே தம்பி. ஊர்லே இத்தனை பேரா சாவியைத் தொலைச்சுட்டு வாசல்லே நிக்கறான்? நின்னா ஒருத்தனாவது என்னைக் கூப்பிட மாட்டானா? வீட்டுக்கு வெளியே நின்னுக்கிட்டு என் விளம்பரத்தைத் தடவிக் குடுத்துக்கிட்டிருப்பானா?" கொஞ்சம் சூடு பிடிக்கட்டும்ண்ணே என்று டீ வாங்கிக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை, அப்பாவின் விளம்பரம் எந்தெந்தத் தளங்களில் வருகிறது என்று உட்கார்ந்து பார்த்து, சந்தேகமானவற்றில் எல்லாம் அது வராதபடி அடைத்துவிட்டார். மறுநாளிலிருந்து எண் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. அந்த வாரம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அதுக்குள்ளே மறந்துட்டாங்களா, இவ்வளவுதானா ஜனங்க என்று போனில் கேட்டாள். கேட்ட குரல் அவருக்குத் தாங்கவில்லை. அடைத்ததை எல்லாம் திறந்துவிட்டார். மறுநாள் காலையில் பழையபடி பெரிய எண்ணே செய்தியாகப் போயிற்று, அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அடைத்ததையும் திறந்ததையும் அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

குழாய்ச் சண்டை நடந்த வாரத்தில்தான் அம்மா புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அமுக்கினவர்கள் எந்த ஊர் என்று தெரியுமா என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை யோசிக்காமல் மேப்பைக் காட்டிவிட்டார். பாதிப் பேருக்கு மேல் ஒரே ஊர். குடும்பத்தில் யாரும் கால் வைக்காத ஊர்.

"அப்போ அங்கேதான் இருக்காரு," என்றாள் அம்மா. "பாக்காத மூஞ்சியை இத்தனை பேர் வேலை மெனக்கெட்டு அமுக்குவாங்களா?"

மாப்பிள்ளை என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நீங்க வரலைன்னா நான் தனியாப் போறேன் என்று அவள் பையில் அப்பாவின் சட்டை ஒன்றை மடித்து வைத்தாள். வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். மகள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். புருஷனைக் கூப்பிட்டு, கூட்டிக்கிட்டுப் போங்க, போயி அந்த நம்பரைப் பத்தின உண்மையை நீங்களே சொல்லிட்டு வாங்க, அங்கே வச்சாவது சொல்லுங்க என்றாள்.

விடிகாலை பஸ் பிடித்துப் போனார்கள். சாதாரண ஊர். நீளமான கடைத்தெரு, அதன் முடிவில் மூடிக்கிடக்கிற ஒரு மில். அம்மா பஸ் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்தாள். டீக்கடைக்காரர், பழம் விற்கிறவள், மூட்டை தூக்குகிறவர்கள், யாரையும் அவள் விடவில்லை. முதலில் படத்தைக் காட்டவில்லை. உங்க போன்லே ஒரு விளம்பரம் வந்திருக்குமே, பாத்திருப்பீங்களே என்றுதான் கேட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு ஒளிந்திருக்கிறவர்களை வெளியே கூப்பிடுகிற மாதிரி கேட்டாள். பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. பிறகுதான் படத்தை எடுத்தாள். அதற்கும் இல்லை. போன் கடைப் பெண், பாவம், தன் போனிலேயே தேடிப்பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். போலீஸ்காரர் ஒருவர் அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்த மாதிரி ஆள் யாரும் இங்கே வரவில்லை என்று பதிவைப் பார்த்துச் சொன்னார்.

வெயில் சாய்ந்ததும் அம்மா பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"மாப்ளே, இந்த ஊர்தானா? மேப்பு தப்பாக் காட்டலையே?"

"இந்த ஊர்தான் அத்தை."

"இத்தனை பேரு அமுக்கின ஊர்லே, ஒரு தலைகூடவா ஆடாது?"

அங்கேதான் சொன்னார். இணையத்தில் யாரும் படிக்காத தளங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அதை வைத்திருக்கிறவன் நம் விளம்பரத்தை அதில் வரவிடுவான். அமுக்கப்படுகிற ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஒரு பங்கு. மனிதர்கள் அமுக்குவதற்காக அவன் ஏன் காத்திருக்கப்போகிறான்? அமுக்குவதற்கென்றே மெஷின் வைத்திருக்கிறான். எந்த ஊரிலோ ஒரு பூட்டின அறையில் அது பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருக்கும். சோபாவையும் அமுக்கும், பல் டாக்டரையும் அமுக்கும். இந்த ஊரில் அப்படி ஒரு அறை இருக்கலாம், இல்லாமல் இந்த ஊர்ப் பேரை மட்டும் அது போட்டுக்கொண்டிருக்கலாம்.

அம்மா பாதத்தைப் பிடிப்பதை நிறுத்தினாள். பிறகு, ஆஸ்பத்திரியிலே வரிசையில் இடம் போட்டு வைப்பதற்குச் செருப்பை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போய்விடுவார்களே, ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் வாசல் வரைக்கும் வரிசை தெரியுமே, ஆனால் ஆள் இருக்காதே, அந்த மாதிரியா என்று கேட்டாள்.

"அதைவிட மோசம் அத்தை. செருப்புக்காவது ஒரு ஆள் உண்டு."

நடுவில் ஒரு வாரம் எண் குறைந்ததே, அது ஏன் என்பதையும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்தே சொன்னார்.

"என்னைச் சாப்பிட வைக்கவா?"

அவர் தலையாட்டினார். அம்மா கோபப்படவில்லை. அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

பஸ் கிளம்பிப் பாதி தூரம் வந்தபிறகு, எல்லாமேவா மெஷின் என்று கேட்டாள். எல்லாமே என்று அவரால் சொல்ல முடியவில்லை. நிஜ ஆளும் இருக்கலாம், எது மெஷின் எது மனுஷன் என்று எனக்கே தெரியாது அத்தை என்றார். அது உண்மையும்கூட. ஆனால் அம்மாவுக்கு அது போதும் என்பது அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததிலேயே தெரிந்தது.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. என் படத்தைப் போடுங்க."

"உங்க படத்தையா?"

"ஆமா. 'இவரைப் பார்த்தீர்களா'ன்னு. அதே மாதிரி, அதே இடத்திலே. நான் எங்கேயும் தொலையலை. அந்த ஊர்லே என்னைப் பாத்தவங்க கிடையாது. மனுஷங்களா இருந்தா, என்னைத் தள்ளிட்டு அவரைத்தானே அமுக்குவாங்க?"

வீடு திரும்பியதும் இதைக் கேட்ட மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரோடு வீட்டில் இருக்கிறவளைக் காணவில்லை என்று போடுவதா, உங்களுக்கும் புத்தி போச்சா என்று புருஷனிடம் பாய்ந்தாள். அம்மா அவளைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து சமையலறைச் சுவரோரம் நின்றாள். கொஞ்சம் சிரிங்க அத்தை என்றார் மாப்பிள்ளை, பழக்கதோஷத்தில்.

"காணாமப் போனவ சிரிப்பாளா? எடுங்க."

அப்பாவின் படத்துக்குப் பக்கத்திலேயே அவள் படமும் ஓடியது. வீட்டுக்காரர் அந்த வாரத்தில் இரண்டு தடவை வந்துபோனார். ஒரு வாரம் பொறுங்க, பதில் வந்துடும் என்று அம்மா அவரிடம் சொன்னாள். எங்கேயிருந்து பதில் வரவேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. அந்த ஒரு வாரம் காலைச் செய்தி அனுப்பவேண்டாம், மொத்தமாகச் சொன்னால் போதும் என்று மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, என்ன இப்போதெல்லாம் ஆட்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்று கேட்டபோது, ஊருக்குப் போயிருக்காங்க என்றாளாம்.

வாரம் முடிந்ததும் மாப்பிள்ளை நேரில் வந்தார். மகளும் கூட வந்தாள். போனை மேஜைமேல் வைத்தார். இரண்டு படம், இரண்டு எண். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். வித்தியாசம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அவளைத்தான் கொஞ்சம் கூடுதலாகத் தேடியிருந்தார்கள். ஊர்ப் பட்டியலிலும் அதே ஊர்தான் முதலில் இருந்தது.

"நான் இங்கேயேதானே இருந்தேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மகள் அவள் தோளில் கையை வைத்தாள். அம்மா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரரிடம் சாவி என்றைக்கு வேண்டும் என்று கேட்டு வைக்கச் சொன்னாள். மாதக்கணக்கில் சண்டை போட்டு மகள் அவளிடம் வாங்கப் பார்த்த வார்த்தை. அது வந்தபிறகு மகளுக்கு, வேண்டாம்மா, இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கலாம் என்று சொல்லத்தான் வந்தது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

விளம்பரத்தை நிறுத்திவிடட்டுமா என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். என்னோடதை முதல்லே எடுங்க என்றாள். எடுத்தார். பிறகு அப்பாவின் படம் மட்டும் திரையில் நின்றது. டிப்போவில் எடுத்தது. காக்கிச் சட்டை, வாரிவிட்ட தலை, வெயிலுக்குச் சுருங்கின கண். அம்மா படத்தைத் தொடாமல், விரலைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ராப்பகலா அமுக்கிச்சே அந்த மெஷின்... அவர் மூஞ்சியை ஒரு தடவையாவது நின்னு பாத்திருக்குமா, மாப்ளே?"