பதினாறு கிலோ

வரிசை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே போயிருந்தது. பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை. பதினாலாம் கவுண்டரில் இருந்தவள் காலை ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி ஒன்று பின்னால் இருந்தது, ஆனால் உட்கார்ந்தால் எடைமேடை தெரியாது. செருப்பைக் கழற்றி, வெறுங்காலைக் குளிர்ந்த தரையில் வைத்துக்கொண்டு அடுத்தவரை அழைத்தாள்.

அந்த வாரம் முழுக்கப் பனிமலைக்குப் போகிறவர்கள்தான். ஆளுக்கொரு நீளப் பை, ஆளுயரத்தைவிட ஒரு முழம் கூடுதல். உள்ளே பனியில் சறுக்கும் கட்டைகள். கீழே சுமை தூக்குகிறவர்கள் அதற்கு மலைப்பாம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் பனியைப் பார்த்ததில்லை. அவள் கணவன் பார்த்ததெல்லாம் அந்தப் பைகள் திரும்பி வரும்போது அடியில் ஒட்டியிருக்கும் ஈரத்தைத்தான். "வழுக்கி விழறதுக்கு விமானம் ஏறிப் போகணுமா? நம்ம வீட்டுக் குளியலறைக்கு அனுப்பி வையி, இலவசமாவே விழட்டும்" என்பான்.

மலைப்பாம்புக்குத் தனி விதி. ஒரு கட்டைப் பையும் ஒரு பூட்ஸ் பையும் சேர்ந்து ஒரே உருப்படி; இரண்டும் சேர்ந்து இருபத்து மூன்று கிலோ வரை கட்டணம் இல்லை. கட்டைப் பையில் துணிமணி வைக்கக் கூடாது. தனிப் பை எதுவும் இருபத்து மூன்றைத் தாண்டினால் கூடுதல் கட்டணம், கூடவே பெரிய மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டை கட்டிய பையைக் கீழே இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் ஒருவர்.

எடைமேடை சாதாரணப் பெட்டிக்குச் செய்தது. நீளப் பையைக் கிடத்தினால் ஒரு நுனி மேடையைத் தாண்டிப் பக்கத்து இரும்பு விளிம்பில் போய்த் தலை சாய்த்துக்கொள்ளும். பாதி எடையை விளிம்பு வாங்கிக்கொள்ளும். அதனால் பையை நிமிர்த்தி, ஒரு கையால் லேசாகத் தொட்டபடி எடை பார்க்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கவுண்டரில் நின்று நின்று தெரிந்துகொள்வது.

அவள் கணவனுக்கு வேலை அதே கட்டடத்தின் அடித்தளத்தில். பெல்ட்டில் போக முடியாத நீளச் சாமான்களெல்லாம் சரக்கு லிஃப்டில் அவன் பகுதிக்குத்தான் இறங்கும். வேறு ஒப்பந்தக்காரர், வேறு சீருடை, வேறு வாசல். ஒன்பது வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தும் பணி நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் பையில் ஒட்டும் சீட்டில் கவுண்டர் எண்ணும் எடையும் அச்சாகும். பதினாலு என்று பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். "இன்னிக்கு உன் கடுதாசி நாப்பது வந்துச்சு. ஒண்ணுலகூட சாப்பிட்டியான்னு கேக்கல" என்று வீட்டுக்கு வந்து சொல்வான்.

மற்ற ஆட்கள் எந்தப் பையையும் முதலில் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார்கள். கவுண்டர்க்காரர்களின் எடையை நம்பித் தூக்கினால் இடுப்பு போய்விடும் என்பது கீழே பால பாடம். பதினாலாம் எண் சீட்டை மட்டும் அவன் தள்ளிப் பார்ப்பதில்லை. இரண்டு வருஷமாக அவனுக்கு இடுப்பில் வலி இருந்தது. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஒப்பந்தக்காரர் அடுத்த மாதமே வேறு ஆள் பார்த்துவிடுவார்.

பத்து மணி சுமாருக்கு அந்தக் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு மலைப்பாம்புகள். அந்த மனிதர் விமான நிறுவனத்தின் விதிகளை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். முக்கியமான வரிகளில் பச்சைக் கோடு. பூட்ஸ் பையும் கட்டைப் பையும் ஒரே உருப்படி என்று அவள் வாய் திறக்கும் முன்பே படித்துக் காட்டினார். ஆமாம் சார், சரிதான் சார் என்றாள். போன தடவை வேறொரு கவுண்டரில் அநியாயமாகப் பணம் வாங்கிவிட்டார்கள் என்றும், புகார் எழுதித் திரும்ப வாங்கியதாகவும் சொன்னார்.

போன மாதம்தான் அவள்மேல் ஒரு புகார் வந்திருந்தது, சிரிக்கவில்லை என்று. இன்னொன்று வந்தால் வருஷக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள். பின்னாலிருந்து ஷிப்ட் பொறுப்பாளரம்மா, "வரிசை நகரட்டும்மா, நகரட்டும்" என்று மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவளுக்கும் மேலே ஒருவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

மூன்று பைகளை அவள் நிமிர்த்தி எடை பார்த்தாள். நாலாவதை அந்த மனிதரே தூக்கி மேடையில் கிடத்தினார். தூக்கும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பையின் நடுப்பகுதி மெத்தை மாதிரி உப்பியிருந்தது. மேல் நுனி இரும்பு விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

எண் பதினாறில் நின்றது.

"பாத்தீங்களா, பூட்ஸோட சேத்தாலும் கணக்குக்குள்ளதான்" என்றார் அவர்.

அவள் நுனியைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். நிமிர்த்துங்கள் சார் என்று சொன்னால் எண் ஏறும். திறக்கச் சொல்ல வேண்டும், உள்ளிருந்து கோட்டும் கம்பளியும் வெளியே வரும், பச்சைக் கோடு போட்ட காகிதம் மறுபடி விரியும், பிள்ளைகள் அழும், வரிசை முணுமுணுக்கும். கால் வலித்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். சீட்டு அச்சாகி வந்தது. ஒட்டினாள். சிரிக்கவும் செய்தாள்.

கீழே அவன் அந்தச் சீட்டைப் பார்த்திருக்கிறான். பதினாலு, பதினாறு கிலோ, மஞ்சள் அட்டை இல்லை. பதினாறு கிலோவுக்கு என்ன குனிவு வேண்டுமோ அவ்வளவுதான் குனிந்திருக்கிறான்.

சாப்பாட்டு இடைவேளையில் அவனுடைய கூட்டாளி, எல்லோரும் குள்ளன் என்று கூப்பிடுகிறவன், பணியாளர் வாசலில் அவளுக்காக நின்றான். "அண்ணி, பதறாதீங்க. அண்ணனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்றான். எந்தப் பை என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், மலைப்பாம்புதான் அண்ணி என்றான். தூக்கினவர் பாதியில் அப்படியே நின்றுவிட்டாராம், பை கையை விட்டு விழுந்ததாம், சத்தம்கூடப் போடவில்லையாம்.

பிடிப்பு இல்லை, முதுகெலும்பின் இடைத்தட்டு நகர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். இனி பளு தூக்கக் கூடாது. ஒப்பந்தக்காரரின் ஆள் மூன்றாம் நாள் படுக்கைக்கே படிவம் கொண்டுவந்தார். வேலையில் பட்ட காயம் என்றால் சிகிச்சையும் சம்பளத்தோடு விடுப்பும் கிடைக்கும். அதற்கு விபத்துக்குக் காரணம் என்று ஏதாவது இருக்க வேண்டும். தரை ஈரமா? இல்லை. லிஃப்டில் கோளாறா? இல்லை. சீட்டில் பதினாறு கிலோ என்று இருக்கிறதே, பையின் எடை அதைவிடக் கூடுதலாக இருந்ததா? அவன் கூரையைப் பார்த்தபடி, "எடை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் ஒழுங்கா குனியல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அவள் அப்போது பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். வந்து படிவத்தின் நகலைப் படித்தாள்.

"எத்தனை கிலோ இருந்துச்சு?"

"முப்பதுக்குக் கொஞ்சம் கம்மி. கை சொல்லுமே."

"நுனி விளிம்புல நின்னதை நான் பாத்தேங்க. பாத்துட்டுத்தான் ஒட்டினேன்."

அவன் தலையணையைச் சரிசெய்யச் சொன்னான்.

"அதை வெளியில சொன்னா உன் வேலையும் போகும். ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்துக்கிட்டா அடுப்பை யாரு பத்தவைக்கிறது? சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். ஒழுங்காகக் குனியத் தெரியாதவர் என்று காரணம் எழுதி அவனை வேலைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அவன் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தான். மகள் பள்ளியிலிருந்து வந்து அவன் இடுப்பில் ஏறி உட்காரப் பார்ப்பாள், பிறகு ஞாபகம் வந்து பக்கத்தில் உட்காருவாள். அந்தப் பையைப் பற்றி அவன் மனைவியை யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் நினைத்தாள்.

மூன்றாம் வாரம் பொறுப்பாளரம்மா அவளைத் தன் அறைக்கு அழைத்தாள். மேஜையில் ஒரு காகிதம். அந்தப் பச்சைக் கோட்டு மனிதர் போய் இறங்கிய ஊரில் புகார் கொடுத்திருக்கிறார்: பையைக் கீழே போட்டதில் ஒரு கட்டையின் முனை பிளந்துவிட்டது. அங்கேயே பையை எடை போட்டுச் சேதப் படிவத்தில் எழுதியிருந்தார்கள். இருபத்தெட்டரைக் கிலோ. போகிற வழியில் பைக்கு எடை ஏறியிருக்க முடியாது.

"இது போதுமே மேடம்" என்றாள் அவள். "இதைக் காட்டினா அவருக்குச் சிகிச்சைக்காவது கிடைக்கும். நான் சரியா எடை போடலன்னு எழுதித் தர்றேன்."

பொறுப்பாளரம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கெட்டவள் இல்லை. அவளுக்கும் கால் வீங்கியிருந்தது.

"நீ எழுதித் தந்தா அன்னிக்கே உன்னை அனுப்பிடுவாங்க. அவருக்கு ஒண்ணும் கிடைக்காது. எடை சரின்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. இந்தக் காகிதம் கட்டைக்கு வந்தது. ஆளுக்கு வந்தது இல்ல."

அந்த மனிதருக்கு நிறுவனம் புதுக் கட்டை ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து, மன்னிப்புக் கடிதமும் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். இருபத்தெட்டரை எப்படிப் பதினாறானது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவரிடம் கூடுதல் கட்டணம் வாங்காமல் விட்டது யார் என்ற கேள்வியும் வரும், அது பல பேருக்குத் தொந்தரவு.

அவள் அன்று மாலை மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எல்லாவற்றையும் எழுதினாள். நுனி விளிம்பில் இருந்தது, நான் பார்த்தேன், நிமிர்த்தவில்லை. கீழே பெயரும் தேதியும் போட்டாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் வேலைக்குப் போய் வந்தாள். கொடுத்துவிடுவோம் என்று காலையில் தோன்றும். சாயங்காலம் அரிசிப் பாத்திரத்தைத் திறக்கும்போது தோன்றாது.

ஐந்தாம் நாள் எல்லாக் கவுண்டரிலும் புது அறிவிப்பு ஒட்டினார்கள். பயணிகளின் விலையுயர்ந்த உபகரணங்களுக்குச் சேதம் நேராமல் இருக்க, பனிச்சறுக்குப் பைகளை இனிமேல் எடை எவ்வளவாக இருந்தாலும் இரண்டு பேர் கவுண்டருக்கே வந்து சேர்ந்துதான் தூக்கிப் போக வேண்டும். பொருள் நம் பொறுப்பு என்று அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எழுதிய தாள் சட்டைப் பையிலேயே இருந்தது.

அன்றைய முதல் மலைப்பாம்பைக் கொண்டுவந்தது பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி. கவுண்டரில் இருந்தவள் பையை நிமிர்த்தி, ஒரு கையால் தொட்டபடி, எண் அசையாமல் நிற்கும்வரை பார்த்தாள். ஒன்பது கிலோ. சீட்டை ஒட்டி, புது விதிப்படி மஞ்சள் அட்டையையும் கட்டிவிட்டுக் கீழே தகவல் சொன்னாள்.

சரக்கு லிஃப்ட் திறந்தது. குள்ளனும் புது ஆள் ஒருவனும் வந்தார்கள். புது ஆள் போட்டிருந்தது அவள் கணவனுடைய மேல்சட்டை. இடது தோளில் அவள் போட்ட தையல் தெரிந்தது. "பாத்து, பாத்து, முனை இடிக்காம" என்றான் குள்ளன். இருவரும் ஆளுக்கொரு நுனியில் முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, அந்த ஒன்பது கிலோவைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்கள்.