சுவர்க்கோழியின் கால்

அங்கம்மாள் அத்தையின் கோழி காணாமல் போன மறுநாள் சாயங்காலம், மில் சங்கு ஊதிய பிறகு, நான் அவர் வீட்டு மதிலோரம் குனிந்திருந்தேன். இடுக்கில் கத்திக்கொண்டிருந்த சுவர்க்கோழிப் பூச்சி என் காலடி கேட்டதும் அடங்கியது. விலங்கியல் படித்த ஆர்வத்தில் மெல்லக் கையை விட்டுப் பிடித்தேன்.

"இங்க என்னாடி பண்ற?" பின்னாலிருந்து அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

பயத்தில் 'சுவர்' தொண்டையிலேயே நின்றுவிட்டது. "கோழி புடிக்க வந்தேன்" என்று மட்டும் வந்தது.

"பிரான்சுக்காரன் ஊர விட்டுப் போயும் திருட்டு போவல! பி.எஸ்சி. படிச்சது இதுக்குத்தானா? கையத் தொற."

தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். விடிந்தால் எங்கள் ஊர் உழவர்கரை முழுக்க என்னைத் திருடி என்று சொல்லும். விரல்களை விரித்தேன். பூச்சி இல்லை. அது உதிர்த்துவிட்டுப் போன பின்னங்கால் மட்டும் இருந்தது.

"என்னா இது?"

"சுவர்க்கோழிக் காலு, அத்தை. புடிச்சா காலக் கழட்டிட்டு ஓடிடும். அசையாம நில்லுங்க, மறுபடியும் கத்தும்."

பிடியை விடாமலே நின்றார். பூச்சியும் எங்களை நம்பவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் மதிலுக்குள்ளிருந்து கிர்ரென்றது.

அத்தை என் கையை விட்டார்.

"அப்ப என் கோழிய யாரு புடிச்சா?" என்றபடி, எதிர்வீட்டு ஆதிமூலத்தின் அடுப்புப் புகையைப் பார்த்தார்.