ஊதா வெளிச்சத்தில் தைத்த பச்சைப் பாவாடை

“இது பச்சையா, கறுப்பா? நீங்களே சொல்லுங்க அண்ணி.”

“பச்சைதான். யாரு இல்லேன்னா?”

“தைச்சிருக்கிற நூல்?”

“கறுப்பு.”

“அந்தப் பொண்ணு நாலு பேர் முன்னாடி பாவாடையை என் மேல வீசிட்டுப் போறா. எல்லாம் உங்க லைட்டால வந்த வினை.”

“ஊசி கோக்கத் தெரிஞ்சா போதுமா? கண்ணும் வேணும்ல.”

நான் கதவைத் திறந்து வைத்தது காற்றுக்காகத்தான். எதிர்வீட்டுச் சண்டை தானாக உள்ளே வந்தால் நான் என்ன செய்வது?

அது பஸ் டிரைவர் வீடு. ஜன்னலே இல்லாத பின்னறையில் அவர் தங்கை தையல் மெஷின் போட்டிருந்தாள். அறையின் மறுபாதியில் டிரைவர் மனைவி தட்டுத் தட்டாக சாலட் கீரை விதைத்து, செடிக்கென்றே விற்கிற ஊதா எல்.இ.டி. விளக்கை உச்சியில் மாட்டியிருந்தாள். கீரை தேறினால் வாராவாரம் எடுத்துக்கொள்வதாக முக்கு ஓட்டல் சமையல்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். ஊதா வெளிச்சத்தில் பச்சையெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். பச்சைத் துணியைக் கறுப்பென்று நினைத்து, கறுப்பு நூல் கனகச்சிதம் என்று தங்கை தைத்துவிட்டாள். மெஷின் போட அந்த வீட்டில் வேறு இடமில்லை. இன்னும் இரண்டு துணி இப்படித் திரும்பி வந்தால் தொழிலுக்கே முழுக்கு.

இரண்டு பக்கமும் ஹாரன் அடித்தால் டிரைவர் என்ன செய்வார்? பிரேக்கைப் போட்டார்.

“ஆளுக்கொரு தட்டு வளருங்க. எது நல்லா இருக்குன்னு சமையல்காரர் சொல்றாரோ, அந்த லைட் மட்டும் ரூம்ல இருக்கட்டும். என்னை விட்ருங்க.”

“வெறும் வெள்ளை லைட்டுல கீரை வளருமாம். நல்லாத்தான் இருக்கு கதை,” என்றாள் அண்ணி.

“வளரலேன்னா மெஷினைத் தூக்கிட்டுப் போய் மாடிப்படிக்கு அடியில உக்காந்துக்கறேன்.”

நடுவில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினார்கள். தையல்காரிக்கு விளக்கு மூக்கில் இடித்தால்தான் ஊசிக்காது தெரியும். அந்தப் பழக்கத்தில், தன் வெள்ளை விளக்கைக் கயிற்றில் கட்டித் தட்டுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டாள். அண்ணியோ, இலை கருகிவிடும் என்று பயந்து, ஊதா விளக்கை இருந்த உயரத்திலேயே விட்டுவிட்டாள்.

சர்க்கரை கேட்கிற சாக்கில் நானும் அடிக்கடி எட்டிப் பார்த்தேன். அண்ணியின் நாற்றுகள் வெளிச்சத்தை எட்டிப் பிடிக்க நெடுநெடுவென்று வளர்ந்து, நிற்கத் தெம்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தையல்காரியின் தட்டில் எல்லாம் குட்டையாக, கொழுகொழுவென்று.

“இது போங்காட்டம். அவ லைட்டு செடி தலையில உக்காந்திருக்கு,” என்றாள் அண்ணி.

நியாயந்தான். டிரைவர் ஸ்டூல் போட்டு ஏறி ஊதா விளக்கையும் ஒரு சாணுக்கு இறக்கினார். இரண்டு தட்டிலும் புதிதாக விதை விழுந்தது. இந்த முறை இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்தன. அண்ணி முகத்தில் களை திரும்பியது. தையல்காரி மாடிப்படிக்கு அடியைக் கூட்டி வைத்தாள்.

சமையல்காரர் வந்தார். ஊதாப் பக்கம் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அங்கே பார்த்தால் இலை பாதி மஞ்சள்.

“வளர்த்தி ரெண்டும் ஒண்ணுதான்மா. ஆனா இலை பழுத்திருக்கா, பூச்சி கடிச்சிருக்கான்னு இந்த லைட்டுல எப்படிப் பாப்பீங்க? ஒவ்வொண்ணா வாசலுக்குத் தூக்கிட்டுப் போவீங்களா? எனக்கு வெள்ளையில வளந்ததே போதும்.”

“கீரைக்கு எது பிடிக்கும்னு கீரையைக் கேக்கணும். இவரைக் கேட்டா?” என்று முணுமுணுத்தாலும், அண்ணி ஸ்விட்சை அணைத்துவிட்டாள். மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது.

கீரை வாங்க வாராவாரம் வந்த மனிதர், அப்படியே தன் ஏப்ரனுக்கு அளவு கொடுத்தார். அடுத்த வாரமும் கொடுத்தார். கழுத்தில் மாட்டுகிற ஒரு துணிக்கு எத்தனை தடவைதான் அளவெடுப்பது? தெருவில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, டிரைவரைத் தவிர.

கல்யாணம் ஆகி, தையல்காரி ஓட்டலுக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குக் குடிபோனாள். மெஷினோடு வெள்ளை விளக்கையும் கையோடு கழற்றிக்கொண்டு போய்விட்டாள். கெட்டிக்காரி. பின்னறை முழுக்க இப்போது அண்ணி ராஜ்ஜியம். ஊதா விளக்கு மறுபடி எரிகிறது, ஒரு சாண் உயரத்தில். கீரையை வாசலில் வைத்துத்தான் பொறுக்குகிறாள். கிழிந்தது தைக்க நாத்தனார் இல்லாததால், அந்த அறையிலேயே உட்கார்ந்து தானே தைக்கிறாள். டிரைவரின் பச்சை யூனிஃபார்மில் பாக்கெட்டைச் சுற்றிக் கறுப்பு நூல் ஓடுகிறது.